இருபதரை மீற்றர் தூரத்துக்கு இரண்டு ஃபொலோ ஸ்பொட்

கூத்தில் துரியோதனன் மேடைக்கு வந்து ஆடும் வரவின் நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேற்றர் எட்டு விநாடியில் பிடித்துக்கொண்டது. மேடைக்கு மேலே தொங்கிய ஹலஜன் விளக்குகள் எல்லாம் உடனே திரும்பி வந்தன. பல்கனியில் இருந்த இரண்டு ஃபொலோ ஸ்பொட்டும், அதாவது ஆடுபவரை ஒளிவட்டத்தால் பின்தொடரும் விளக்குகள், வரவில்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் நிற்கவில்லை, சல்லாரி நிற்கவில்லை, ஆட்டக்காரரும் நிற்கவில்லை. பொது வெளிச்சத்தில் கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் உயிரில்லாமல் தெரிய, அவர் தாளக்கட்டுத் தவறாமல் ஆடி முடித்தார். நான் மேலே சூடான விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அது ஆறுவதற்குக் காத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம். அந்த வரவுக்காக அவர் ஐந்து மாதம் பழகியிருந்தார்.

நான் பகலில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். பின்னேரங்களிலும் வார இறுதியிலும் திருகோணமலையில் எங்கள் மண்டபத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். கூத்து, பரதநாட்டிய அரங்கேற்றம், தமிழ்த்தினப் போட்டி, வாணி விழா என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். பழைய ஃபொலோ ஸ்பொட் இரண்டையும் மாற்றுவதற்கு ஆறு இலட்சம் ரூபா கிடைத்தது. அதை எப்படிச் செலவழித்தோம், எங்கே கணக்குச் சரிவந்தது, எங்கே கையால் திருத்த வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். எங்களைப்போல ஒரு ஊர் மண்டபத்தை நடத்துகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பழையவை ஏன் திரும்ப ஏறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெரிவு அங்கேதான் தொடங்கியது. அவை 1200 வாட் எச்.எம்.ஐ. விளக்குகள். இழை கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகளுக்கு இடையில் மின்வில் பாய்ந்து ஒளி வரும். எரியும்போது குமிழுக்குள் பாதரச ஆவி உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும். ஒரு விநாடி மின்சாரம் தடைப்பட்டாலும் வில் அறுந்துவிடும். அந்த அழுத்தத்தில் திரும்பவும் பொறி பாய்ச்சப் பல பத்தாயிரம் வோல்ட் தேவை. எங்கள் பெட்டியில் இருந்த இக்னைற்றருக்கு அந்தச் சக்தி இல்லை, ஆகவே ஆறவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் நிகழ்ச்சிகளே குறைவு, அதனால் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. மின்சாரம் சீரான பிறகும் ஜெனரேற்றருக்கு மாறும் அந்த எட்டு விநாடி எங்களை விட்டுப் போகவில்லை.

திருத்திப் பார்க்கலாமா என்றும் யோசித்தோம். ஒன்றின் பலாஸ்ற் பெட்டியை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை, திறந்தபோது உள்ளே திருகாணிகள் எல்லாம் பச்சையும் கபிலமுமாகப் பூத்திருந்தன. மண்டபம் கடலுக்குக் கிட்ட இருக்கிறது. வாடைக்கு உப்பும் ஈரமும் வரும், கச்சானுக்குத் தூசி வரும். பலாஸ்ற், இக்னைற்றர், புதுக் குமிழ் மூன்றையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் பாதிப் பணம் ஒரே விளக்கில் போய்விடும். போனபிறகும் அடுத்த மின்வெட்டில் அதே பன்னிரண்டு நிமிடம்தான். அந்த யோசனையை விட்டோம்.

அதன் பிறகு நான் விலைப்பட்டியல் எதையும் பார்க்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். விளக்கு நிற்கும் இடத்திலிருந்து மேடை நடுவுக்குத் தரையளவில் 20 மீற்றர். விளக்கின் உயரம் மேடைத் தளத்திலிருந்து 6 மீற்றர். ஆடுபவரின் முகம் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும் என்று வைத்து பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் விளக்கிலிருந்து முகத்துக்கு இருபதரை மீற்றர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்லும் எதையும் சரிபார்க்கலாம்.

வட்டத்தின் அகலத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தூரத்தை ஒளிக்கற்றையின் பாகையால் பெருக்கி 57ஆல் வகுக்க வேண்டும். 20.5 மீற்றரில் 10 பாகை விளக்கு 3.6 மீற்றர் வட்டம் போடும். 20 பாகை என்றால் 7 மீற்றருக்கு மேல், எங்கள் மேடையின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். ஒரு ஆள் தலையிலிருந்து கால்வரை நிற்க 2 மீற்றர் வட்டம் போதும். அதற்கு வேண்டியது ஐந்தரைப் பாகை. பல விளக்குகள் இந்த இடத்திலேயே பட்டியலை விட்டுப் போய்விட்டன.

வட்டத்தை ஐரிஸால், அதாவது விளக்குக்குள் விரிந்து சுருங்கும் தகட்டுத் துளையால், சுருக்கலாமே என்று கேட்பார்கள். சுருக்கலாம், ஆனால் ஐரிஸ் ஓரத்து வெளிச்சத்தைத் தடுக்கிறதே தவிர நடுவுக்குக் கொண்டுவருவதில்லை. 10 பாகை விளக்கை ஐந்தரைப் பாகைக்கு ஐரிஸால் மூடினால் பரப்பளவுக் கணக்கில் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு உலோகத் தகடுகளில் பட்டுச் சூடாகி வீணாகிறது. சூம் வில்லைகள் உள்ள விளக்கு அப்படியல்ல. வட்டம் சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் செறியும். தூரம் அதிகமான மண்டபத்துக்குச் சூம் கட்டாயம் வேண்டும். காசு குறைவென்றால் வேறு எதையாவது விட்டுக்கொடுக்கலாம், இதை விடக்கூடாது.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் சிறிய லக்ஸ்மானி ஒன்றை 7,500 ரூபாவுக்கு வாங்கினேன். இந்த வேலையில் மிகவும் உதவிய சாமான் அதுதான். எங்கள் மேடையின் பொது வெளிச்சம் முகத்தளவில் 450 லக்ஸ் காட்டியது. பின்தொடரும் வட்டம் கண்ணுக்குத் தனியாகத் தெரிய வேண்டுமானால் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஆக 900 லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், எனவே 900ஐ 20.5இன் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் கண்டெலா வேண்டும். கண்டெலா என்பது விளக்கு ஒரு திசையில் வீசும் ஒளியின் செறிவு. விற்பவர்கள் கண்டெலா சொல்வதில்லை, ‘5 மீற்றரில் 12,000 லக்ஸ்’ என்பார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். 12,000ஐ 25ஆல் பெருக்கினால் 3 இலட்சம் கண்டெலா, எங்கள் தூரத்தில் அது 714 லக்ஸ். போதாது. ‘5 மீற்றரில் 38,000’ என்ற விளக்கு ஒன்பதரை இலட்சம் கண்டெலா. அதை மட்டும் குறித்து வைத்தேன். அந்த எண்ணும் சூமை மிக ஒடுக்கி, நிறத்தாள் எதுவும் போடாமல் எடுத்ததாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே குறித்தேன்.

வாட்டைப் பார்த்து வாங்கக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 300 வாட் என்பது சுவரிலிருந்து எடுப்பது. முகத்தில் விழுவது வில்லைகளின் தரத்தில் இருக்கிறது.

எல்லாப் பக்கமும் பார்த்தோம். றொபேர் ஜூலியா போன்ற ஐரோப்பிய விளக்குகள் அருமையானவை, ஒன்று வாங்கவே எங்கள் பணம் காணாது. கல்யாண மண்டபங்களுக்கு லைற் போடும் ஒரு தம்பி, அசையும் பீம் லைற் இரண்டைப் பிடித்துக் கட்டலாம் என்றார். அதன் கற்றை முகத்தோடு முடிந்துவிடும், உள்ளே இருப்பதும் வில் விளக்குத்தான். மலிவாகக் கிடைக்கும் 330 வாட் சீன ஃபொலோ ஸ்பொட்டும் அதே வகைக் குமிழில் எரிவதால் அதையும் ஒதுக்கினேன். கொழும்பில் பழைய ஈ.ரி.சி. சோர்ஸ் ஃபோர் விளக்குகள், 10 பாகைக் குழலோடு, விலைக்கு இருந்தன. இவைதான் என் மனதை அசைத்தன. 750 வாட் ஹலஜன், அணையும்போது தீபம் தணிவதுபோலத் தணியும், தோலின் நிறம் உள்ளபடி தெரியும். ஒரு ஐரிஸும் கைப்பிடியும் பூட்டினால் நல்ல ஃபொலோ ஸ்பொட்தான். 12 மீற்றர் தூரமுள்ள மண்டபமாக இருந்தால் அகலமான குழலோடு அவற்றையே எடுத்திருப்பேன். எங்களுக்குக் கற்றை அகலம் மாறாதது குறை. வட்டத்தைச் சுருக்க ஐரிஸை மூடினால் மூன்று மணித்தியாலக் கூத்தில் அதன் தகடுகள் வெந்து வளையும்.

மிச்சம் இருந்தது சூம் உள்ள 300 வாட் எல்.ஈ.டி. விளக்கு. ஒன்றை இரண்டு நாளைக்கு மண்டபத்துக்கே கொண்டுவந்து காட்டச் சொல்லிக் கேட்டோம். போக்குவரத்துச் செலவு எங்களுடையது. கடையின் வெள்ளைச் சுவரில் மூன்று மீற்றரில் எல்லா விளக்கும் அழகாகத்தான் இருக்கும், அதனால் இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

அந்த இரவுதான் இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட இரவு. என் பழைய மாணவி ஒருத்தி பரதம் ஆடுபவள். சிவப்புப் பட்டு கட்டி, குங்குமம் வைத்து, முழு ஒப்பனையோடு வந்து மேடையில் நின்றாள். முதலில் ஹலஜன் வெளிச்சத்தில் பார்த்தோம். பிறகு எல்.ஈ.டி.யைப் போட்டோம். கன்னம் சாம்பல் பூத்தது. குங்குமம் கபிலமாக மாறியது. பட்டுச் சேலையின் சிவப்பு, பழைய செங்கல் நிறமாகப் போனது. பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா, “சேர், பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு” என்றார். சரியாகச் சொன்னார். வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளியை மஞ்சள் பூச்சில் படவிட்டு உண்டாக்குவது, அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. ஹலஜன் 3200 கெல்வின், இந்த விளக்கு 6500 கெல்வின். எங்கள் தோல் நிறத்துக்கு அந்த வித்தியாசம் கொடுமையாகத் தெரிகிறது.

அரை சி.ரி.ஓ. என்ற செம்மஞ்சள் நிறத்தாளை, லீ நிறுவனத்தின் பட்டியலில் 205ஆம் இலக்கம், முன்னால் செருகினோம். 6500ஐ அது 3800 கெல்வினுக்கு இறக்கும். கன்னத்தில் உயிர் வந்தது. ஆனால் நிறத்தாள் இல்லாத சிவப்பை உண்டாக்காது, மிதமிஞ்சிய நீலத்தை வடிகட்டத்தான் செய்யும். குங்குமம் பாதிதான் திரும்பியது. அடுத்த நாள் அதே விளக்கின் நிறத்தரம் கூடிய வகையை, சி.ஆர்.ஐ. என்ற நிறத்தர அளவு 90க்கு மேற்பட்டதை, வரவழைத்துப் பார்த்தோம். வெளிச்சம் சற்றுக் குறைவு, குங்குமம் குங்குமமாக இருந்தது. அதைத்தான் எடுத்தோம். 2 மீற்றர் வட்டத்தில் தாள் இல்லாமல் 1,350 லக்ஸ், அரை சி.ரி.ஓ. போட்டபின் 950. கணக்குப் போட்ட 900க்குக் கொஞ்சம் மேலே. நிறத்தாள் ஏறத்தாழ முப்பது வீதத்தைத் தின்றுவிடும் என்பதை முதலிலேயே சேர்த்துக்கொள்ளாதவர்கள் பிறகு தாளைக் கழற்றிவிட்டுச் சாம்பல் முகத்தோடு நிகழ்ச்சி நடத்த நேரிடும்.

வேறு மூன்றும் பார்த்தோம். கைபேசியில் படம் பிடித்தபோது திரையில் கறுப்புக் கோடுகள் ஓடின. விளக்கின் அமைப்புத் திரையில் எல்.ஈ.டி.யின் துடிப்பு அதிர்வெண்ணை உயர்த்தியதும் மறைந்தன. அரங்கேற்றத்தில் சபையே கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும், ஆகவே இது சிறிய விடயமல்ல. விசிறிச் சத்தத்துக்கு ஒரு வீணை மாணவியை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பல்கனியின் பின்வரிசையில் கண்ணை மூடி இருந்தேன். கேட்கத்தான் செய்தது, மண்டப விசிறியை மீறவில்லை. மூன்றாவது, இரண்டு விளக்கும் ஒரே தொகுதியிலிருந்து வரவேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். ஒன்று பச்சை சாய்ந்தும் மற்றது ஊதா சாய்ந்தும் இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் காட்சி கெட்டுப்போகும்.

விளக்கு ஒன்று 2 இலட்சத்து 5 ஆயிரம், இரண்டுக்கும் 4 இலட்சத்து 10 ஆயிரம். யூ.பி.எஸ். 48,000. தாங்கிகள் 36,000. நிறத்தாள்கள் 22,000. போக்குவரத்து 9,000. லக்ஸ்மானியையும் சேர்த்து 5 இலட்சத்து 32 ஆயிரத்து 500. மிச்சம் 67,500இல் ஒரு உதிரி மின்வழங்கியும் இரண்டு விசிறிகளும் எடுத்து வைத்தோம். இந்த வகை விளக்குகளில் எல்.ஈ.டி.க்கு முன்னர் போவது விசிறியும் மின்வழங்கியும்தான், அவை தேவைப்படும் நாளில் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது.

விளக்கோடு வந்த முக்காலி ஒலிபெருக்கி வைப்பதற்கானது போலிருந்தது. திருப்பினால் முதலில் ஒட்டும், பிறகு குதிக்கும். ஆடுபவர் மெதுவாக நடக்கும்போது வட்டம் விக்கி விக்கிப் போனால் பார்ப்பவர் கண் ஆளை விட்டு வட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அனுராதபுரச் சந்திப் பக்கம் வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். “சேர், மோட்டார் சைக்கிள் சில்லு எப்பிடிச் சுத்துது? அதையே போடுவம்” என்றார். 6301 பெயாரிங் இரண்டு, உள்விட்டம் 12 மில்லிமீற்றர், ஒரு இரும்புக் குழாய்க்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து இறக்கினார். நடுவில் கடைந்த 12 மில்லிமீற்றர் தண்டு. கீழே அகலமான மூன்று கால். சுண்டுவிரலால் தள்ளினால் விளக்கு சுற்றியது. அது அளவுக்கு மீறிய இலகு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது. செருப்புத் தைக்கும் தோலில் வட்டமாக ஒரு வாசர் வெட்டி, தண்டில் போட்டு, மேலே ஒரு செட்டை நட்டால் இறுக்கினோம். இப்போது தேனில் கரண்டி போவதுபோல் போகிறது. இயக்குபவரின் கைக்கு ஏற்ப நட்டைக் கால் சுற்று கூட்டலாம், குறைக்கலாம்.

மேல் கீழ் அசைவுக்குச் சமநிலை வேண்டும். வில்லைகள் முன்னால் இருப்பதால் விளக்கு மூக்குக் குத்தியபடி இருந்தது. ஒரு குழாயைத் தரையில் வைத்து அதன் மேல் விளக்கைக் கிடத்தி, முன்னும் பின்னும் உருட்டிச் சமநிலைப் புள்ளியைச் சோக்கட்டியால் குறித்தோம். தொழிற்சாலைத் துளையிலிருந்து அது 4 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தது. பக்கங்களில் 5 மில்லிமீற்றர் இரும்புப் பட்டையைப் பொருத்தித் துளையை அங்கே மாற்றினோம். கையை விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கிறது. மேலே குறிபார்க்க ஒரு பி.வி.சி. குழாய் வளையமும் அதற்கு முன்னால் ஒரு ஆணியும். விளக்கைப் போடாமலே, இருட்டில் வரும் ஆளின் மார்பில் ஆணியை வைத்துக் காத்திருக்கலாம். போடும்போது வட்டம் சரியாக அவர் மேல் திறக்கும்.

1837இல் லண்டன் கொவென்ற் கார்டன் அரங்கில் சுண்ணாம்புக் கட்டியை ஒட்சிசன், ஐதரசன் சுவாலையில் காய்ச்சி மேடைக்கு ஒளி பாய்ச்சியபோதும் பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். கட்டி தேயத் தேயத் திருப்பிக்கொண்டே இருந்தார். இந்த வேலை இன்றும் அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் பெயாரிங்குக்கும் தோல் வாசருக்கும் இவ்வளவு நேரம் கொடுத்தேன்.

ஒரு குறையை இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. ஒளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் சுடர் தணிவதுபோல் போகாமல் ‘டக்’ என்று அணைகிறது. ஒப்பாரிக் காட்சி முடியும்போது அது கன்னத்தில் அடித்தது போலிருக்கும். இப்போதைக்கு, ஒளி பத்து வீதத்துக்கு வந்ததும் ஐரிஸை மெதுவாக மூடத் தொடங்குகிறோம். வட்டம் முகத்துக்கு ஒடுங்கி, கடைசித் துளியாக இருக்கும்போது அணைந்தால் அந்தக் குதிப்புத் தெரிவதில்லை. வட்டத்தின் கூர்மையான ஓரத்தை மென்மையாக்க லீ 253 பனித்தாள் ஒரு துண்டு போதும். பரதத்துக்கு எப்போதும் போடுகிறோம்.

நிழலையும் சொல்ல வேண்டும். எங்கள் விளக்கு ஆடுபவரின் தலைக்கு 12 பாகைதான் மேலே இருக்கிறது. அந்தச் சரிவில் ஒரு ஆளின் நிழல் கிட்டத்தட்ட 8 மீற்றர் பின்னால் நீளும், பின்திரையில் ஏறிவிடும். இது எந்த விளக்கு வாங்கினாலும் மாறாது. ஆட்டக்காரரை ஒரு மீற்றர் முன்னால் வரச்சொல்வதும் பின்திரைக்குத் தனி வெளிச்சம் கொடுப்பதும்தான் வழி. வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருந்து பார்த்த கூத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இருந்ததில்லை.

மின்சாரப் பக்கம் மிக இலகுவாகிவிட்டது. சுவரில் அளந்தபோது ஒரு விளக்கு 340 வாட் எடுத்தது, 230 வோல்ட்டில் ஒன்றரை அம்பியர். 13 அம்பியர் பிளக்கில் 5 அம்பியர் பியூஸ் போட்டேன். இரண்டும் சேர்ந்து 680 வாட் என்பதால் யூ.பி.எஸ்.ஸில் ஓட்ட முடிகிறது. 1 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும் பல பெட்டிகள் 600 வாட் வரைதான் தாங்கும், ஆகவே 900 வாட் தரும் 1.5 கே.வி.ஏ. எடுத்தோம். பிரதான ஆளியை நானே இறக்கிப் பார்த்தேன். மண்டபம் இருண்டது, ஜெனரேற்றர் உறுமியது, மேடையில் வட்டம் மட்டும் அசையாமல் இருந்தது.

உப்புக்கு மருந்து பராமரிப்புத்தான். நிகழ்ச்சி இல்லாத வாரமும் அரை மணித்தியாலம் எரியவிடுகிறோம், உள்ஈரம் போகும். முன்வில்லையை ஐசோபுறோப்பைல் மதுசாரம் தொட்ட பருத்தித் துணியால் துடைக்கிறோம். வாடை மாதங்களில் இரண்டு வாரம் துடைக்காமல் விட்டு அளந்தேன், கையில் தொட்டால் தெரியாத அந்தப் படலத்தால் லக்ஸ் குறைந்திருந்தது. மூடிவைப்பதற்குப் பிளாஸ்ரிக் உறை கூடாது, உள்ளே வியர்க்கும். தையற்காரரிடம் கொடுத்துப் பருத்திச் சீலையில் உறை தைப்பித்தோம்.

போன மாதம் அதே ஆட்டக்காரர் அதே வரவை ஆடினார். இடது விளக்கைப் பிடித்தது அந்தப் பரத மாணவி. எப்போது திரும்புவார், எங்கே கால் வைப்பார் என்று ஆடுபவருக்கு ஆடுபவர் தெரிந்திருந்ததால் வட்டம் ஒரு இடத்திலும் பின்தங்கவில்லை. கிரீடத்துக் கண்ணாடிகள் பட்டுத் தெறித்த ஒளிப்பொட்டுகள் மண்டபக் கூரையில் தாளத்துக்கு ஓடின, முன்வரிசைப் பிள்ளைகள் அண்ணாந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்று மின்சாரம் போகவில்லை.

இனி வலது தாங்கியின் தோல் வாசரை மாற்ற வேண்டும், அது காய்ந்து கிறீச்சிடுகிறது. பழைய எச்.எம்.ஐ. குமிழ்கள் இரண்டும் பாதரசம் உள்ளவை என்பதால் குப்பையில் போடாமல் பெட்டியோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பழைய விளக்கின் வில்லைகளைக் கழற்றி, ஒளியியல் பாடத்துக்கு வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டேன்.